கரடிக்குள் நான்கு பேர்

கரடியின் வாய் வழியாகத்தான் எனக்குப் பார்வை. அதன் கண்கள் இரண்டும் வெறும் பிளாஸ்டிக். திறந்திருக்கும் வாய்க்குள் கறுப்பாக ஒரு வலை இருக்கும், அதன் வழியே பார்த்துத்தான் நடக்க வேண்டும். இடுப்புயரப் பிள்ளைகள் தெரிவார்கள். அதைவிடச் சின்னதுகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டால்தான் இருப்பதே தெரியும். மலையடிவாரத்தில் இருந்த ஒரு தீம் பார்க்கில் ஒரு வருஷம் எனக்கு இதுதான் வேலை. ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்து மலை ஊர்க்காரி நான். காட்டுக்குள் போகும்போது கரடி பேரை எடுத்தாலே அதட்டுகிற வீட்டில் வளர்ந்தவள். அப்படிப்பட்டவள் மஞ்சள் ரோமமும் நீலக் கால்சட்டையும் மாட்டிக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் கைகாட்டிக்கொண்டு நின்றேன் என்றால் இன்று என் மகளே நம்புவதில்லை. எங்கள் மலைக் கரடி கறுப்பு, நெஞ்சில் மட்டும் வெள்ளையாக ஒரு கோடு இருக்கும். மஞ்சள் கரடியை எந்தக் கடவுள் படைத்தாரோ தெரியாது. அதற்குள் வேகும் வேக்காட்டை மட்டும் எனக்கென்று படைத்திருந்தார்.

என் வீட்டுக்காரர் மாசி மாதத்தில் புளி உலுக்க ஏறி, கிளை முறிந்து கீழே விழுந்தார். தொடை எலும்பு இரண்டு இடத்தில் போயிற்று. ஒரு வருஷத்துக்குக் கொல்லையில், சாமை விதைக்கிற மேட்டு நிலத்தில், கால் வைக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மகளுக்கு அப்போது பத்து மாதம். வேறு வழியில்லாமல், பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் வேலைக்கு இறங்கினேன். படுத்த இடத்திலிருந்தே பிள்ளை வளர்த்த மனுஷன் அவர். தூளியின் கயிற்றை நல்ல காலின் கட்டைவிரலில் கட்டி ஆட்டுவார். "மலையில கரடியப் பாத்து ஓடினவ, கீழ போயி கரடியாவே ஆயிட்டியே மே" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது, ஆனாலும் அவர் சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

பார்க்கிலிருந்து அண்ணாந்து பார்த்தால் எங்கள் மலை தெரியும். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்தான். கணியம்பாடி வழியாக மலை ஏறுகிற கடைசி பஸ் ஐந்தரைக்கு. பார்க் மூடுவது ஆறரைக்கு. இந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நாங்கள் கண்ணமங்கலத்தில் வாடகைக்கு ரூம் எடுக்க வேண்டி வந்தது. மாதச் சம்பளம் ஒன்பதாயிரம். வாரத்தில் ஒரு நாள் லீவு. அதற்கு மேல் ஒரு நாள் வராவிட்டாலும் அந்த நாள் கூலியோடு, முழு மாதமும் வந்தால் கொடுக்கிற ஆயிரம் ரூபாய் போனஸும் போய்விடும். ரூமில் என் பங்கு வாடகையும் சரியாக அதே ஆயிரம்தான். ஒரு நாள் லீவு போட்டால் ஒரு மாதம் தெருவில் படுக்க வேண்டியதுதான் என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். கரடிக்கு மட்டும் நாளுக்கு ஐம்பது ரூபாய் கூடுதல். உள்ளே வர ஒருவர் வாங்குகிற டிக்கெட் எங்களுடைய இரண்டு நாள் கூலிக்கு மேல். பார்க்குக்குள் விற்கிற ஒரு தட்டு பஜ்ஜி விலையில் வெளியே நாங்கள் நான்கு பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிடலாம்.

நான்கு பேர் என்றால் நானும், மலையின் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த இன்னும் மூன்று பெண்களும். ஒருத்தி கேன்டீனில் தட்டு கழுவினாள். ஒருத்தி குளிக்கிற துணி வாடகைக்குக் கொடுக்கிற இடத்தில் நின்றாள். மூன்றாவது ஆள், எங்களில் மூத்தவள், தண்ணீர்ச் சறுக்கின் அடியில் காற்றடைத்த டியூப்களைத் தூக்கி அடுக்குவாள். குள்ளமாக, கட்டையாக இருப்பாள். கோபம் வந்தால் ஊர் தாங்காது, சிரிப்பு வந்தால் ரூம் தாங்காது. அவளைத்தான் நாங்கள் அக்கா என்போம்.

ரூம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரு லைட், ஒரு ஃபேன். குடிக்கிற தண்ணீர் கேனுக்குத் தனிக் காசு. அரிசி வாங்கினால் கட்டாது என்று ஆளாளுக்கு ஊரிலிருந்து சாமையும் புளியும் கொண்டுவருவோம். நான்கு ஊர்ச் சாமையும் ஒரே டப்பாவில் விழும். "எங்கூர்ச் சாமைதான் பூவா வேகுது, ஒங்களுது கல்லு" என்று தினமும் ஒரு சண்டை. நால்வரும் கால் நீட்டினால் சுவரில் இடிக்கும். எதிரும் புதிருமாகப் படுத்துக்கொண்டு அன்றைக்கு வந்த ஜனங்களைப் பற்றிப் பேசுவோம். தண்ணீரில் சேலையோடு இறங்கி மூச்சு முட்டிக் கத்திய மாமியார், கரடியோடு செல்ஃபி எடுத்துவிட்டுக் கரடிக்கே கும்பிடு போட்டுவிட்டுப் போன போலீஸ்காரர் என்று கதைக்குப் பஞ்சமே இருக்காது. கையில் காசில்லாத அந்த நாளில் சிரித்த அளவு பிறகு நான் சிரித்ததில்லை.

ஆனால் உள்ளுக்குள் ஒரு பயம் அரித்துக்கொண்டே இருந்தது. வார லீவன்று முதல் பஸ்ஸைப் பிடித்து மேலே போவேன். என்னைப் பார்த்ததும் மகள் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். பொரி உருண்டை கொடுத்து, பாட்டுப் பாடி, மதியம் வாக்கில்தான் மடிக்கு வருவாள். மூன்று மணிக்கு நான் பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும். அடுத்த வாரம் மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு வாரமும் மடிக்கு வர அவளுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆயிற்று. ஒரு நாள் மடிக்கு வராமலே பஸ் வந்துவிட்டது. அன்றைக்கு ரூமுக்கு வந்து சோறு வேண்டாம் என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அக்கா விடவில்லை, தோளைப் பிடித்து உலுக்கிக் கேட்டாள். சொன்னேன்.

"வாரத்துல ரெண்டு நாளு போனா மறக்க மாட்டாளா?" என்றாள்.

"ரெண்டாவது நாளு போனா போனஸ் போயிடுமேக்கா."

"கரடி வந்தா போதும்ல? உள்ள யாரு இருந்தா இன்னா? என் லீவுல ஒன் கரடிக்குள்ள நான் போறேன். எங்க கொல்லையில சாமை களை எடுக்க ஆளு இல்ல. நீ மேல போயி ஒரு நாளு எனக்கு நில்லு. தீந்துது."

மலையில் எங்களுக்கு இது பழகிய வழிதான். உன் கொல்லையில் இன்று நான் இறங்கினால், என் கொல்லையில் நாளை நீ இறங்குவாய். நீ வர முடியாவிட்டால் உன் வீட்டிலிருந்து வேறு யாராவது வருவார்கள். எந்த ஆள் என்று யாரும் கேட்பதில்லை, ஆள் வந்ததா, வேலை முடிந்ததா என்பதுதான் கணக்கு. பார்க்குக்கு அந்தக் கணக்கு கிடையாது என்பது எங்கள் நான்கு மண்டையில் ஒன்றில்கூட உறைக்கவில்லை. கேட்டில் இருந்த நோட்டில் அக்கா என் கையெழுத்தைப் போட்டாள். என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும், அவளுடையதும் அப்படித்தான். வாரம் ஒருத்தி என்று மூவரும் முறை வைத்துக்கொண்டார்கள். கரடியின் முகத்தைப் பார்த்து அட்டெண்டன்ஸ் போடுகிற சூப்பர்வைசருக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

அந்த நாட்கள்தான் என் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள் என்று சொன்னால் என் வீட்டுக்காரருக்குக் கோபம் வரும், ஆனாலும் உண்மை அதுதான். முதல் பஸ்ஸில் போய் இறங்கி, மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அந்தந்த வாரத்துக்காரியின் ஊருக்கு நடப்பேன். களை எடுத்தேன், ஐப்பசியில் சாமை அறுத்தேன், தையில் புளி பொறுக்கினேன். மரக்கிளையில் தூளி கட்டி அவளைப் போட்டால், கண் விழித்ததும் என் தலைதான் முதலில் தெரியும். அந்த வீட்டுக்காரர்கள் மதியம் களி போடுவார்கள், அவளுக்குக் கொஞ்சம் வெல்லம் வைப்பார்கள். வாரத்தில் இரண்டு நாள் ஆனதும் என் மகள் ஒளிந்துகொள்வதை நிறுத்திவிட்டாள். தையில் ஒரு காலை, பஸ்ஸிலிருந்து இறங்கியவளைப் பார்த்து "அம்மா" என்று கூப்பிட்டாள். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டு, "ஏம்மா, நடு ரோட்டுல நின்னு அழுவுற?" என்று திட்டினார்.

பங்குனியில் எல்லாம் கெட்டது. அக்காவால்தான் கெட்டது.

அவள் சின்ன வயதில் பலாமரத்தின் மேல் ஏறியிருந்தபோது கீழே கரடி வந்துவிட்டதாம். இறங்க முடியாமல் பகல் முழுக்க மேலேயே உட்கார்ந்து, அது கறையான் புற்றை உடைத்துத் தின்பதை வேடிக்கை பார்த்திருக்கிறாள். அன்றைக்குக் கண்ணில் பதிந்ததை, நான் மேலே போயிருந்த ஒரு நாளில், பார்க்கின் நடுவே இருந்த பூச்செடி மேட்டில் செய்துகாட்டிவிட்டாள். நாலு காலில் நடந்து போய் மண்ணை மோந்து, நகத்தால் பறித்து, மூஞ்சியை உள்ளே விட்டு 'புஸ்' என்று ஊதி, 'சர்ர்ர்' என்று உறிஞ்சியிருக்கிறாள். பிறகு எழுந்து லைட் கம்பத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டாளாம். பார்க்கே கூடிவிட்டது. யாரோ போனில் படம் எடுத்து, அது ஊரெல்லாம் சுற்றியது. மலை மேலே என் வீட்டுக்காரரின் போனுக்குக்கூட வந்து சேர்ந்தது.

இதொன்றும் தெரியாமல் மறுநாள் நான் கரடிக்குள் நின்றேன். சூப்பர்வைசர் ஓடிவந்து, "நேத்து பண்ணினத அப்படியே பண்ணு. மொதலாளி வந்துருக்காரு" என்றார். என்ன பண்ணினேன் என்று எனக்கெப்படித் தெரியும்? கரடி பேசவும் கூடாது. கையைக் காட்டினேன். "அது இல்லம்மா!" என்றார். லேசாக ஒரு ஆட்டம் போட்டேன். "மண்ணு! மண்ணத் தோண்டு!" என்றார். கடலைக்காய் பிடுங்குகிற மாதிரி உட்கார்ந்து தோண்டினேன். ஜனம் சிரித்தது. முதலாளி கிட்டே வந்து, கரடியின் வாயருகே குனிந்து, "உள்ள யாரு?" என்று மெதுவாகக் கேட்டார். கரடி பேசக் கூடாதே, மறுபடியும் கையைக் காட்டினேன். குட்டு அதோடு உடைந்தது.

ஆபீஸில் நால்வரையும் வரிசையாக நிற்க வைத்தார்கள். "ஒரு ஆளுக்குச் சம்பளம் குடுத்தா நாலு பேரு வருவீங்களா?" என்றார் முதலாளி.

அக்கா தலையைக்கூடக் குனியவில்லை. "நாலு பேரு வந்தாலும் கரடி ஒண்ணுதானுங்க. நீங்க ஒண்ணுக்குத்தான குடுத்தீங்க?"

சூப்பர்வைசருக்குச் சிரிப்பு வந்து இருமுகிற மாதிரி நடித்தார். முதலாளி கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எங்களை வேலையை விட்டு நிறுத்தவில்லை. இனிமேல் கரடி அக்காதான், டியூப் அடுக்குவது நான் என்றார். அந்த மாத போனஸ் எனக்குப் போயிற்று. டியூப் அடுக்குகிறவளுக்கு முகம் உண்டு, அவள் இடத்தில் வேறு யாரும் வந்து நிற்க முடியாது. என் இரண்டாவது நாள் அத்தோடு முடிந்தது.

ரூமுக்கு வந்ததும் அக்கா மேல் பாய்ந்தேன். "கையக் காட்டிட்டு நிக்கக் கூடாதா? யாரு ஒன்ன அவ்ளோ நல்லா பண்ணச் சொன்னது?" என்று கத்தினேன்.

அக்காவுக்குக் கோபம் வரவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. "அந்த மண்ணப் பாத்ததும் கையி சும்மா இருக்கலம்மா" என்றாள். கரடிக்கான கூடுதல் ஐம்பதை வாங்கியதும் தினமும் ரூம் செலவுக் காசு டப்பாவில்தான் போட்டாள். நான் பத்து நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சித்திரையில் பள்ளிக்கூட லீவு விட்டார்கள், சீசன் வந்துவிட்டது. சீசனில் வார லீவும் கிடையாது. ஒன்றரை மாதம் நான் மலை ஏறவில்லை. வீட்டுக்காரரிடம் போனில் பேசும்போது வேலை மாறியதைச் சொல்லவில்லை. ஏற்கெனவே காலோடு மல்லாடுகிற மனுஷனுக்கு எதற்கு இன்னொரு கவலை என்று விட்டுவிட்டேன். "புள்ள ஒன்ன டெய்லி பாக்குது மே, கவலப்படாத" என்பார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வேலை செய்கிறவர்களின் குடும்பத்துக்கு வருஷத்தில் ஒரு நாள் இலவச பாஸ் உண்டு. ஆனியில் கூட்டம் குறைந்ததும் எனக்குக் கிடைத்தது. ஒரு திங்கட்கிழமை, ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு அவர் பஸ்ஸில் மகளைக் கூட்டிவந்தார். நான் கட்டிவிட்டு வந்த பாவாடை போட்ட பிள்ளை இல்லை அவள். வளர்ந்திருந்தாள், முடி காதை மூடியிருந்தது. டியூப்களைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கையை நீட்டினேன். அப்பாவின் ஊன்றுகோலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

அப்போது செயற்கை நீரூற்றுப் பக்கமிருந்து கரடி வந்தது.

"அம்மா!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். ஓடிப்போய் அந்த மஞ்சள் காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு தடவை கரடியைப் பார்த்தார், ஒரு தடவை என்னைப் பார்த்தார். "அப்ப அதுக்குள்ள யாரு?" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஒன்ன மறந்துடக் கூடாதுன்னு போனுக்கு வந்த அந்தக் கரடிப் படத்த டெய்லி காட்டினேன் மே. இதான் அம்மா, இதான் அம்மான்னு."

அக்காவுக்குக் காலடியில் இருப்பது தெரியாது. ஆனால் அந்தக் குரல் கேட்டிருக்கும். கரடி அசையாமல் என் பக்கம் திரும்பி நின்றது. பிறகு குனிந்து, தடவிப் பார்த்துப் பிள்ளையைத் தூக்கி என்னிடம் கொண்டுவந்தது. என் கையில் கொடுக்கப் பார்த்ததும் அவள் வீறிட்டுக் கத்தி, கரடியின் ரோமத்தைப் பிய்த்துப் பிடித்துக்கொண்டாள். கரடி பேசக் கூடாது என்பது சட்டம். "ஷெட்டுக்கு வா" என்றது கரடி.

பிள்ளையை அவரிடம் விட்டுவிட்டு வேஷம் மாற்றுகிற ஷெட்டுக்குள் போனோம். அக்கா கழற்றக் கழற்ற நான் மாட்டினேன். உள்ளே அவள் வேர்வை சூடாக இருந்தது, பினாயில் வாடை தூக்கியடித்தது. தலையை மாட்டும்போது அக்கா, "போம்மா" என்று மட்டும் சொன்னாள். வெளியே வந்தேன். வாய் வலை வழியாகத் தேடினேன். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு என் மகள் என்னைப் பார்த்து வந்தாள். தூக்கினேன். ரோமத்தில் முகத்தைப் புதைத்து, "அம்மா, அம்மா" என்று முதுகில் தட்டிக் கொடுத்தாள். அழுகை வந்துவிட்டது. தலைக்குள் கை போகாது, கண்ணைத் துடைக்க முடியாது. உப்புத் தண்ணீர் வாய்வரை வழிந்தது.

பொறுக்க முடியவில்லை. அத்தனை ஜனங்களுக்கு நடுவே தலையைக் கழற்றிவிட்டேன். நான்தான் என்று அவள் பார்க்கட்டும், அவ்வளவுதான் என் நினைப்பு. அவள் என் முகத்தைப் பார்த்தாள். என் கையில் தொங்கிய தலையைப் பார்த்தாள். உதடு கோணி, ஓவென்று அழ ஆரம்பித்தாள். தலையை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டு அழுதாள். சூப்பர்வைசர் அந்தப் பக்கமிருந்து, "தலைய மாட்டு! தலைய மாட்டு!" என்று ஓடிவந்தார். இரண்டு பேருக்கும் வேண்டியது அதுதான். என் மகளுக்காக மாட்டினேன். அவள் அழுகை நின்றது.

நாலே முக்கால் வரை அவளை இறக்கிவிடவில்லை. பிறகு ஷெட்டில் கரடியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சூப்பர்வைசரிடம், "நான் கிளம்பறேன் சார்" என்றேன்.

"எங்கம்மா? டியூட்டி முடியலியே."

"வூட்டுக்கு சார்."

அக்கா கேட்வரை வந்தாள். என் பங்கு வாடகை நின்றுபோனால் மூவராலும் ரூமை வைத்திருக்க முடியாது, அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "எங்க கொல்லையில இந்த வருஷம் சாமை வெதைக்கணும், ஆளு இல்ல" என்றாள். "நான் போறேன்க்கா" என்றேன். வேறு ஒரு மலைக்காரி வந்து சேரும்வரை இரண்டு மாதம் கரடிப் படியில்தான் என் பங்கையும் கட்டியிருக்கிறாள். இன்றுவரை நான் அவள் கொல்லையில் இறங்கிக்கொண்டிருக்கிறேன். போதும் என்று அவளும் சொல்லவில்லை, எத்தனை நாள் என்று நானும் எண்ணவில்லை.

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஐந்தரை பஸ்ஸில் நான் ஏறியது அன்றைக்குத்தான். மகள் அப்பா மடியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தாள். மலை வளைவு ஒன்றில் பஸ் ஒடித்துத் திரும்பியபோது சரிந்து என் மேல் விழுந்தாள். விலகப் போனவள் நின்று, என் தோளில் மூக்கை வைத்து மோந்து பார்த்தாள். என் ஜாக்கெட்டெல்லாம் கரடி வாடைதான். இன்னொரு தடவை மோந்தாள். பிறகு தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள்.

மூன்று நாள் நான் குளிக்கவில்லை, அந்த ஜாக்கெட்டையும் மாற்றவில்லை. "நாத்தம் தாங்கல மே" என்று வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டினார். நாலாம் நாள் காலையில் அவள் தூங்கி எழும் முன்னால் போய்க் குளித்துவிட்டு, துவைத்த சேலை கட்டிக்கொண்டு பயந்து பயந்து வந்து உட்கார்ந்தேன். எழுந்து வந்து கழுத்தடியில் மோந்து பார்த்தாள். வெறும் சோப்பு வாசம்தான். மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.